ஆடியில் போட வேண்டிய தொடர்

தொலைக்காட்சியில் ஒரு நல்ல தொடரைப் போடுவதாக இருந்தால் ஆடி, ஆவணி, புரட்டாசி, இந்த மூன்று மாதங்களில்தான் போட வேண்டும். மற்ற மாதங்களில் போடுவது வீண். இதை நான் இன்றைக்குச் சொல்லவில்லை. எண்பதுகளிலேயே ஓர் அஞ்சலட்டையில் எழுதி நிலையத்துக்கு அனுப்பியிருக்கிறேன். காரணத்தை மட்டும் எழுதவில்லை. முன்பின் தெரியாதவர்களிடம் போய், அந்த மாதங்களில்தான் என் வீட்டுக்காரர் ஊரில் இருப்பார் என்று எப்படி எழுதுவது?

அவர் ரிக் வண்டியில் டிரில்லர். லாரி மேல் பூட்டிய, ஆழ்துளைக் கிணறு போடும் எந்திரத்தைத்தான் ரிக் என்போம். திருச்செங்கோட்டில் எங்கள் வீதியில் பாதிப் பேருக்கு அதுதான் சோறு போட்டது. ஆயுத பூஜைக்கு வண்டிக்குச் சந்தனம் பூசி, சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்கிக் கிளம்பினால் மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் என்று போய்விடுவார்கள். அங்கே மழை பிடித்து, காட்டில் வண்டி இறங்க முடியாமல் சேறானால்தான் ஊர் திரும்புவார்கள். அது ஆனிக் கடைசியோ ஆடி முதலோ ஆகும். பிறகு வண்டி பட்டறையில் நிற்கும், மனிதர் வீட்டில் இருப்பார். அடுத்த ஆயுத பூஜை வந்தால் மறுபடி கிளம்பிவிடுவார்.

எங்கள் ஊர் மலைமேல் இருக்கும் சாமி பாதி ஆண், பாதி பெண்ணாக ஒரே உடம்பில் நிற்கிறார். அடிவாரத்தில் குடியிருந்த நாங்கள் வருஷத்தில் முக்கால்வாசி நாள் ஆயிரம் மைல் தள்ளி இருந்து குடும்பம் நடத்தினோம். சாமிக்கே வேடிக்கையாகத்தான் இருந்திருக்கும்.

கல்யாணமான புதிதில் வீட்டில் நானும் என் மாமியாரும் மட்டும். குழந்தை அப்போது இல்லை. மாமியார் நல்லவர், ஆனால் காது மந்தம். ஒரு விஷயத்தை அவரிடம் சொல்ல வேண்டுமென்றால் வீதிக்கே சொல்ல வேண்டும். அதனால் வீதிக்குத் தெரியலாம் என்ற விஷயங்களை மட்டும் அவரிடம் பேசினேன். அப்படிப்பட்ட விஷயங்கள் ஒரு நாளைக்கு எத்தனை இருக்கும்? உப்பு வாங்க வேண்டும், மாடு கத்துகிறது, தண்ணீர் வந்துவிட்டது. மீதி எல்லாம் என் வயிற்றுக்குள்ளேயே கிடந்தது.

ஒரு வருஷம் ஊரில் இருந்தபோது அவர் சேலம் போய்த் தொலைக்காட்சிப் பெட்டி ஒன்றை வாங்கி வந்தார். இரண்டு பக்கமும் இழுத்து மூடுகிற மரக்கதவு வைத்த கறுப்பு வெள்ளைப் பெட்டி. "நான் இல்லாதப்ப உனக்குப் பேச்சுத் துணைக்கு ஆச்சு அம்மிணி" என்றார். பேச்சுத் துணை இந்தியில் பேசியது. எங்கள் பக்கத்துக்கு அப்போது எட்டியது டில்லி நிகழ்ச்சிதான், மெட்ராஸ் தமிழ் வராது. அந்த டில்லியும் சும்மா வந்துவிடாது. ஆன்டெனாவை ஆகாசத்துக்குத் தூக்க வேண்டும். அவர் கிணற்றுக்கு இறக்குகிற பழைய கேசிங் குழாய்களை ஒன்றோடொன்று இணைத்துக் கொல்லைப்புறத்தில் நட்டு, அதன் உச்சியில் ஆன்டெனாவைக் கட்டினார். ஆன்டெனா உயரத்தைப் பார்த்தே அது ரிக்காரர் வீடு என்று ஊரில் சொல்லிவிடலாம். மற்றவர்கள் வீட்டில் படத்தில் மழை பெய்துகொண்டே இருக்கும். எங்கள் வீட்டில் ஓரளவு முகம் தெரியும்.

அந்த வருஷம் அவர் கிளம்பிப் போன பிறகு, பங்குனி மாதம்போல, ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு தொடர் ஆரம்பமானது. வடக்கே ஏதோ ஓர் ஊரில் பெரிய பழைய வீடு. நடுவில் முற்றம், முற்றத்தில் ஒரு கிணறு. சுற்றிலும் குடித்தனங்கள். கீழே ஒரு தையல்காரர், சண்டைக்கார அம்மா ஒருத்தி, பரீட்சைக்குப் படிக்கும் பையன்கள். மாடியில் ஓர் அறையில் தனியாக ஒரு பெண். அவள் யாருடனும் அதிகம் பேச மாட்டாள். கீழே நடக்கும் கூத்தையெல்லாம் மாடிக் கம்பியைப் பிடித்தபடி பார்ப்பாள். ஒவ்வொரு வாரமும் முடிகிற நேரத்தில், எல்லோரும் உள்ளே போன பிறகு, முற்றத்தைப் பார்த்து ஒரே ஒரு வரி சொல்வாள். ஒவ்வொரு வாரமும் அதே வரி. உடனே பாட்டுப் போட்டு எழுத்து ஓடும்.

எனக்கு அவளைப் பிடித்துப்போனது. ஏன் என்று சொல்லவும் வேண்டுமா?

ஞாயிறு காலையில் பாதி வீதி எங்கள் வீட்டில் இருக்கும். எதிர் வீட்டு அக்கா முதல் ஆளாய் நிலக்கடலையை மடியில் கட்டிக்கொண்டு வந்துவிடுவார். அவருடைய வீட்டுக்காரர் விசைத்தறி போட்டிருந்தவர், முன்னூற்று அறுபத்தைந்து நாளும் வீட்டோடு இருக்கிற மனிதர். அந்த அக்கா என்னைப் பார்த்து, "உனக்கென்ன சாமி, ஊட்ல ஆம்பளத் தொந்தரவே இல்ல. நீ மவராசி" என்பார். சிரித்துக்கொள்வேன். ரிக்காரர் பெண்டாட்டிக்கு இந்தி தெரியாமலா இருக்கும் என்று அவர்களுக்கு ஒரு நினைப்பு. "என்ன சொல்றான்?" என்று என்னைத்தான் கேட்பார்கள். அவரிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்த இந்தி பானி, பத்தர், ஜல்தி, அவ்வளவுதான். தண்ணீர், கல், சீக்கிரம். யாராவது பானி என்று சொன்னால், "தண்ணி கேக்கறாங்க" என்பேன். மற்றதற்கெல்லாம், "பாருங்க, தெரியும்" என்று சமாளிப்பேன். மாமியாருக்கு மட்டும் எந்தக் குறையும் இல்லை. அவருக்கு இந்தியும் ஒன்றுதான், தமிழும் ஒன்றுதான். முகத்தைப் பார்த்தே யார் நல்லவர், யார் கெட்டவர் என்று தீர்ப்புச் சொல்லிவிடுவார்.

மாடிப் பெண் சொல்லும் அந்த வரிக்கு ஆளாளுக்கு ஓர் அர்த்தம். புருஷன் பட்டாளத்தில் இருக்கிறான், அவனுக்காக வேண்டிக்கொள்கிறாள் என்றார் ஒருவர். அவன் செத்துவிட்டான் என்றார் இன்னொருவர். "அதெல்லாமில்ல, அவன் இன்னொருத்திய வெச்சிருக்கறான். இவ சாபம் உடறா" என்றார் எதிர் வீட்டு அக்கா. எனக்கு அந்த வரியின் சத்தம் மனப்பாடம். பாத்திரம் கழுவும்போது வாய்க்குள் சொல்லிப் பார்ப்பேன். அர்த்தம் தெரியாத ஒன்றை வாய் சொல்லிக்கொண்டே இருக்கும்.

தொடர் முடிந்ததும் எல்லோரும் எழுந்து போய்விடுவார்கள். பெட்டியை அணைத்தால் திரை நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி கொஞ்ச நேரம் நின்று மறையும். கடலைத் தொலியைப் பெருக்குவேன். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை பூராவும் பாக்கி இருக்கும். எதிர் வீட்டில் அந்த அக்கா புருஷனைத் திட்டிக்கொண்டே கறி வேகவைக்கும் வாசனை வரும். எனக்கு அழுகை வரும். அந்த நேரத்தில் அவர் அங்கே கல்தூள் அப்பிய முகத்தோடு எந்திரத்தின் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பார் என்று நினைப்பேன். நாம் இங்கே நிழலில் உட்கார்ந்து கடலை தின்றபடி நாடகம் பார்க்கிறோமே என்று மனசு உறுத்தும். இவர் ஊரில் இருக்கிற மாதத்தில் இதைப் போட்டிருந்தால், பக்கத்தில் உட்கார்ந்து காதோரமாக ஒவ்வொன்றாய்ச் சொல்லியிருப்பார். அந்த மாடிக்காரி என்னதான் சொல்கிறாள் என்று தெரிந்திருக்கும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான் என்று அன்றைக்கு நினைத்தேன்.

அதனால் செய்திகளின் கடைசியில் காட்டும் வானிலைப் படத்தைக் கவனமாகப் பார்க்க ஆரம்பித்தேன். நம் ஊர்ப் பக்கம் மேகம் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? இந்தியாவின் நடு வயிற்றில் மேகம் இருக்கிறதா என்றுதான் பார்ப்பேன். ரிக் ஆபீஸில் இருப்பவர் ஒரு நாள் வழியில் பார்த்து, "இந்த வருசம் அங்க மழ தள்ளிப் போச்சுங்க. நமக்கு நல்ல சீசன்" என்று சந்தோஷமாகச் சொன்னார். அவர் தலையில் இடி விழ என்று நினைத்துக்கொண்டு, "அப்படிங்களா, சந்தோசமுங்க" என்றேன்.

வைகாசிக் கடைசியில் தொடர் முடிந்தே போனது. கடைசி வாரம், ஒரு மனிதன் தகரப் பெட்டியோடு முற்றத்துக்கு வந்து நின்று மாடியைப் பார்த்தான். அவள் கம்பியைப் பிடித்தபடி நின்றாள். எதுவும் சொல்லவில்லை. எப்போதும் சொல்லும் வரியைக்கூடச் சொல்லவில்லை. எழுத்து ஓடிவிட்டது. வந்தவன் கடன்காரனா, அண்ணனா, புருஷனா என்று எங்கள் வீட்டில் பெரிய வாக்குவாதம். அது ஓயாமல் நடந்துகொண்டிருந்தபோதே வடக்கே மழை பிடித்து, அவர் வந்து சேர்ந்தார்.

கறுத்து, இளைத்து வந்தார். சாப்பாட்டில் முதல் வாய் வைத்ததும் "அச்சா" என்றார். சொல்லிவிட்டு அவரே சிரித்தார். நான் தொடரைப் பற்றிப் பேச வாயெடுத்தேன். ஆனால் கதை தெரியாத கதையை எப்படிச் சொல்வது? "ஒரு நல்ல நாடகம் ஓடுச்சுங்க. நீங்க வாரதுக்குள்ள முடிஞ்சு போச்சு" என்றேன். "அப்படியா" என்றபடி ரசம் கேட்டார்.

அப்போதுதான் அஞ்சலட்டை எழுதினேன். ஞாயிறு காலை ஒளிபரப்பான, முற்றத்தில் கிணறு உள்ள வீட்டின் கதையை மறுபடி காட்டும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன், அதை ஆடி மாதம் தொடங்கிக் காட்டினால் எங்கள் பகுதி மக்களுக்கு மிகவும் வசதியாக இருக்கும் என்று எழுதினேன். எங்கள் பகுதி மக்கள் என்றால் நான்தான். தமிழில் எழுதியதை டில்லியில் யார் படிப்பார்கள் என்று அப்போது தோன்றவேயில்லை.

அந்த ஆடி போயிற்று, ஆவணி போயிற்று. அவர் கிளம்பிப் போனார். மறு வருஷம் பூராவும் வேறு என்னென்னவோ ஓடின. எதிலும் எனக்கு மனசு ஒட்டவில்லை. பிறகு அவர் திரும்பி வந்த ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அடுப்படியில் அரிசி களைந்துகொண்டிருந்தேன். அந்தப் பாட்டு கேட்டது.

ஈரக்கையோடு ஓடி வந்தேன். அதே முற்றம், அதே கிணறு. என் அட்டையைப் பார்த்துத்தான் போடுகிறார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவர் கொல்லையில் எண்ணெய் தேய்த்து உட்கார்ந்திருந்தார். "ஏனுங்க, செத்த வாங்க, நான் சொன்னனே அந்த நாடகம்" என்று கையைப் பிடிக்காத குறையாக இழுத்து வந்தேன். கட்டில் மேல் பழைய துண்டை விரித்து உட்கார வைத்தேன். வீதியில் யாருக்கும் சொல்லி அனுப்பவில்லை. மாமியார் கோயிலுக்குப் போயிருந்தார். நாங்கள் இரண்டு பேர்தான். என் வாழ்க்கையில் நான் நினைத்தபடி நடந்த காலைகளில் அது ஒன்று என்று நினைத்தபடி அவர் பக்கத்தில் கீழே உட்கார்ந்தேன்.

தையல்காரர் வந்ததுமே அவர் சிரித்தார். இன்னும் அந்த ஆள் வாயைத் திறக்கவில்லை. அதற்குள் சிரித்தார். பிறகு சண்டைக்கார அம்மா பேசுவதற்கு முன்பே அவள் பேசப்போவதை அவர் இந்தியில் சொன்னார். திரையில் அவள் அதையே சொன்னாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. திரும்பிப் பார்த்தேன்.

"இது நான் பாத்த கதைதான் அம்மிணி" என்றார். "போன சீசனுக்கு முந்தின சீசன்ல அங்க ரோட்டோர டாபாவுல வாராவாரம் பாத்தம்."

"ஞாயித்துக்கெழமையுமா வேல இல்லாம இருந்தீங்க?"

"அந்த நேரத்துக்கு வடக்க ஒருத்தனும் வேல செய்ய மாட்டான். போர் போடற எடத்தக் காட்ட வேண்டிய வெவசாயியே டிவி முன்னால போய் உக்காந்துக்குவான். நாங்க மட்டும் வெயில்ல நின்னு என்ன பண்றது? எல்லாரும் பாத்தம்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"இதுல சொல்றதுக்கு என்ன இருக்குது?" என்றார். கேலி இல்லை, கோபம் இல்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டார்.

நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லாம் அவர் வெயிலில் நிற்கவில்லை. நிழலில் உட்கார்ந்து, நான் பார்த்த அதே முகத்தை அதே நிமிஷத்தில் பார்த்திருக்கிறார். ஆனால் எனக்கு வந்தது ஆத்திரம். ஒரு வருஷமாக இவருக்காக நான் பட்ட பரிதாபமெல்லாம் வீணாகப் போனதே என்று ஓர் ஆத்திரம். எனக்குள் வைத்துக் காப்பாற்றிய ஒன்று அவருக்கு டீ குடிக்கும் நேரத்தில் வந்துபோன ஒன்று என்று தெரிந்ததால் இன்னொரு ஆத்திரம்.

அதற்குள் மாடிப் பெண் தன் வரியைச் சொல்லும் நேரம் வந்துவிட்டது. ஆத்திரத்தை விழுங்கிக்கொண்டு, "இவ என்னங்க சொல்றா?" என்று கேட்டேன்.

"இதுவா? இன்னிக்கிப் பொழுது போச்சு, அப்படீங்கறா" என்றார். "தெனமும் அதையேதான் சொல்லுவா. கடைசியில அவ புருசன் வந்துருவான். இவ மாடிய உட்டு எறங்கவே மாட்டா. ஏன்னு கதையில ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. கிறுக்குப் புடிச்ச கதை." எழுந்து குளிக்கப் போனார். எண்ணெய் காய்ந்துவிடும் என்றார்.

அடுத்த வாரத்திலிருந்து அந்த நேரத்தில் அவர் பட்டறைக்குப் போய்விடுவார். கம்ப்ரஸர் பிரித்துப் போட்டிருக்கிறது, பக்கத்தில் ஆள் இல்லாவிட்டால் சரியாகப் பூட்ட மாட்டார்கள் என்பார். பொய் இல்லை. ஆனாலும் பார்த்த கதையை யார் மறுபடி பார்ப்பார்கள் என்பதும் அதில் இருந்தது. வீதிக்காரர்கள் மோப்பம் பிடித்து வந்துவிட்டார்கள். எதிர் வீட்டு அக்கா கடலையோடு வந்தார். பழையபடி என்னைக் கேட்டார்கள். பழையபடி, "பாருங்க, தெரியும்" என்றேன். ஆடி, ஆவணி, புரட்டாசி. ஊரில் அவர் இருந்தார், திரையில் அவள் இருந்தாள், கேட்டபடி எல்லாம் கிடைத்தது. முந்தின தடவை அவர் வெகு தூரத்தில் இருக்கிறார் என்று அழுதேன். இப்போது அவர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பட்டறையில் இருக்கிறார். அழுவதற்குக்கூட ஒரு நியாயம் இல்லாமல் போனது.

கடைசி வாரம் வந்தபோது வண்டி தயாராகிவிட்டது. புதுப் பெயின்ட் அடித்து நின்றது. பட்டறையில் வேலை இல்லாததால் அன்று காலை அவர் வீட்டில் இருந்தார். வீடு நிறைய ஆட்கள். அவர் கதவோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பெண்களுக்கெல்லாம் சளைக்காமல் அர்த்தம் சொன்னார். எல்லோருக்கும் ஒரே குஷி. மாமியார்கூடத் திரையை விட்டுவிட்டு மகனைப் பார்த்துக்கொண்டிருந்தார். தகரப் பெட்டிக்காரன் முற்றத்துக்கு வந்தான். "புருசன்தான்" என்று அவர் சொன்னதும் எதிர் வீட்டு அக்கா, "நான் சொல்லல?" என்றார். சொல்லவே இல்லை அவர். அவன் அண்ணாந்து பார்த்தான். அவள் கம்பியைப் பிடித்தபடி நின்றாள்.

"பாருங்க, அத்தன தொலவிருந்து வந்திருக்கறான். எறங்கி வந்தா காலு தேஞ்சா போயிரும்?" என்றார் என் வீட்டுக்காரர். எல்லோரும் சிரித்தார்கள்.

"அவன் ஒருக்கா மேல ஏறி வந்தா என்னங்க?" என்றேன்.

அத்தனை பேர் நடுவில் நான் அவருக்கு எதிர்ப்பேச்சுப் பேசியது அதுதான் முதல் தடவை. குரலும் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. மாமியாருக்கே கேட்டிருக்கும். எதிர் வீட்டு அக்கா கடலையை உடைக்காமல் கையில் வைத்திருந்தார். வீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். எழுத்து ஓடி முடிந்ததும், சாமி கும்பிடப் பூ வாங்க வேண்டும் என்று யாரோ சொல்ல, எல்லோரும் கலைந்தார்கள்.

பொழுதோட, விளக்கு வைக்கும் நேரத்தில், அவருடைய துணிகளை நான் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தேன். அவர் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தார். அப்படி உட்காருகிறவர் இல்லை. மடித்த சட்டை ஒன்றை எடுத்து, பிரித்து, திரும்ப மடித்தார். நன்றாகவே மடிக்கவில்லை.

"ஏனம்மிணி, நான் இல்லாதப்ப இங்க உனக்குப் பொழுதெல்லாம் எப்படிப் போவும்?" என்றார்.

கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் அவர் அதைக் கேட்டதில்லை. எவ்வளவோ சொல்லலாம். உப்பு வாங்குவதிலிருந்து ஆரம்பிக்கலாம். கறி வாசனையைச் சொல்லலாம், வானிலைப் படத்தைச் சொல்லலாம். எங்கிருந்து எடுப்பது என்று தெரியாமல் நான் அவர் முகத்தையே பார்த்தேன். வெளியே வண்டிக்கு டீசல் போட ஆள் வந்து, "அண்ணா" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"போவுதுங்க" என்றேன்.